பீங்கான் பொம்மை செய்வது சிற்பக் கலையா, வெறும் அச்சு வேலையா?

“அச்சில் ஊற்றி எடுப்பதில் கலை எங்கே இருக்கிறது?” என்று கேட்டிருக்கிறீர்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு சிறு குழுவோடு சேர்ந்து பொம்மை செய்கிறேன். அச்சுகள் பொது, சூளையும் பொது. (மின்வெட்டு அட்டவணை பார்த்துச் சூளை போட்ட காலம் தனிக் கதை.)

அச்சு கொடுப்பது தலையின் வடிவம் மட்டும்தான். பீங்கான் மண்ணைக் கரைத்த கூழை ஊற்றியதும் பிளாஸ்டர் அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், ஓரத்தில் ஓடு கட்டும், மிச்சத்தைக் கவிழ்த்துவிடுவோம். கண்ணாடிக் கண் வைக்க, இமையைக் கத்தியால் சீவித் திறக்க வேண்டும். ஒரே அச்சில் பிறந்த இரண்டு தலைகள் இங்கேதான் வேறு வேறு ஆளாகின்றன. துளி அதிகமாகச் சீவினாலும் சாந்தமான முகம் திகைத்த முகமாகிவிடும். பிறகு சுமார் 1200 டிகிரி செல்சியஸில் சுடுவோம், தலை ஏழில் ஒரு பங்கு சுருங்கும். அதன்மேல் சைனா பெயின்ட் (சுட்ட பீங்கான்மேல் தீட்டும் வண்ணம்) மெல்லிசாக ஒரு பூச்சு, 700 சொச்சம் டிகிரியில் ஒரு சூடு, மறுபடி பூச்சு, மறுபடி சூடு.

எங்களுக்குப் பெரும்பாடு நிறம்தான். கடைக் கூழ் பெரும்பாலும் ரோஸ். 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு, ஜெர்மன் கம்பெனிகள் பல, வெள்ளைக் குழந்தையின் அச்சிலேயே பழுப்பு நிறம் ஏற்றிக் கறுப்புப் பொம்மை என்று விற்றன. மூக்கும் உதடும் ஐரோப்பாவை விட்டு நகரவில்லை! எங்கள் குழுவில், டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்திலிருந்து வரும் அக்கா ஒருவர், “எம் பேத்தி மாரி ஒண்ணு செய்யலாமே” என்றார். ஸுலு தோழி ஒருவர் களிமண்ணில் முகம் வனைந்தார், அதிலிருந்து புது அச்சு எடுத்தோம். நிறமியைக் கூழிலேயே கலந்தது நான். மேலே பூசினால் முகமூடி போட்டது போலிருக்கும். புருவமும் பொட்டும் அக்கா கைவேலை.

அது யார் பொம்மை? டர்பன் இருக்கும் இதே குவாசூலு-நட்டால் மாகாணத்தில் ஃபே ஹால்ஸ்டெட் என்ற கலைஞர் 1985இல் தொடங்கிய ஆர்ட்மோர் மண்பாண்டக் கலைக்கூடத்தில் ஒருவர் வனைவார், இன்னொருவர் தீட்டுவார், இருவர் பெயரும் சேர்ந்தே வரும். அங்கே செய்வது பீங்கான் அல்ல, ஆனால் வழக்கம் நல்ல வழக்கம். 1990இல் நாட்டின் இளம் கலைஞர் விருதே ஃபேக்கும் அந்தக் கூடத்துக் கலைஞர் போனி என்ட்ஷலின்ட்ஷலிக்கும் சேர்த்துத்தான் கொடுக்கப்பட்டது. நாங்களும் பொம்மையின் பிடரியில் மூன்று பேர் பெயரையும் எழுதிச் சுட்டோம்.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால் ஒன்று: காய்ந்த தலையை உலர்வாகத் தேய்க்காதீர்கள், சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுக்கும். லேசாகச் சுட்டு, தண்ணீரில் ஊறவைத்துத் தேயுங்கள்.