75,000 ரூபாவை முதலில் பைக்குள் வையுங்கள்

வெள்ளவத்தையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: கடனட்டையில் 6 லட்சம், வட்டி 26 வீதம். வங்கிக் கடன் 8 லட்சம், வட்டி 14 வீதம், பிணை நின்றது மச்சான். இரண்டுக்கும் மாதம் 57,000 கட்டவேண்டும், வாடகை சாப்பாடு போக மிஞ்சுவதோ 30,000. “75,000 தந்தால் கிரிப்பிலிருந்து (வங்கிகள் பார்க்கும் கடன் தகவல் பணியகப் பதிவு) பெயரை நீக்கி, வங்குரோத்துக்கும் (கடனைக் கட்ட வழியில்லை என்று நீதிமன்றத்துக்குப் போவது) போட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறார். போடலாமா?”

வேண்டாம். மிஞ்சுகிற காசில் ஐந்து வருடத்தில் கடன் தீருமா என்று பாருங்கள். முழு 14 லட்சத்தையும் 14 வீதத்தில் ஒரே கடனாக்கினால் மாதம் ஏறக்குறைய 32,600 வரும். பெட்டியில் ஒன்றரை லட்சத்துக்கு நகை இருந்தால் (மனைவியிடம் கேட்டுவிட்டு) செட்டியார் தெரு நகைக்கடையில் விற்றுக் கடனில் கட்டுங்கள், மாதத் தவணை 29,000 சொச்சத்துக்கு இறங்கும். இழுத்துப் பிடித்தால் தப்பலாம்.

அந்த 75,000 ஆளை விடுங்கள். கிரிப்பில் இருப்பதை அழிக்க வெளியாள் எவனாலும் முடியாது. பதிவு பிழையென்றால் கடன் தந்த வங்கிதான் திருத்தவேண்டும், உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்க்கலாம். இப்படியான ஆட்கள் அப்புறம் “உத்தரவாதத்துக்கு” பின்னால் வரும் திகதி போட்ட காசோலையும் கேட்பார்கள். கணக்கில் காசில்லை என்று தெரிந்தே காசோலை எழுதுவது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், கடனாளியாக இருந்தவர் குற்றவாளியாகவும் ஆகிவிடுவார்.

வங்குரோத்து என்பது 1853ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். புதுச் சட்டம் வருகிறது வருகிறது என்று வருடக்கணக்காகப் பேசுகிறார்கள், அதுவரை நீங்கள் புதுக்கடை நீதிமன்றத்தில் தவணைக்குத் தவணை படியேறி சட்டத்தரணிக்குக் காசு கட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். சொத்தும் இல்லை, வேலையும் போய்விட்டது, ஐந்து வருடக் கணக்கு கிட்டவும் வரவில்லை என்றால் சரி, அந்த வழியை யோசிக்கலாம்.

ஆனால் அப்போதும் மச்சானை மறக்கக்கூடாது. நீங்கள் விடுபட்டாலும் பிணையாளி விடுபடமாட்டார். உங்களிடம் வராத காசை வங்கி அவரிடம்தான் கேட்கும், அவர் பெயரும் கிரிப்பில் ஏறும், அவர் நாளைக்கு லீசிங்கில் ஒரு வாகனம் எடுக்கப் போனாலும் உங்கள் கடன்தான் குறுக்கே நிற்கும். “அவர் கையெழுத்து மட்டும்தானே போட்டவர்” என்று எத்தனையோ பேர் வந்து சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கையெழுத்துத்தான் பிணை.

இந்தக் கிழமையே சம்பளச் சீட்டோடும் செலவுக் கணக்கோடும் கிளை முகாமையாளரிடம் போங்கள், அடுத்த தவணை தவறும் முன்பே. இரண்டையும் ஒரே கடனாக்க எழுத்தில் கேளுங்கள். வட்டியில் தள்ளுபடி தருவதாகச் சொன்னால் கடிதம் கைக்கு வராமல் ஒரு சதமும் கட்டாதீர்கள். வாயால் சொன்ன அதிகாரி அடுத்த மாதம் வேறு கிளையில் இருப்பார்.