சுக்கானை எப்போது கையில் கொடுப்பது? – வாசகர் கேள்வி பதில்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் பள்ளி விடுமுறையும் நம் கரையில் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன. விசைப்படகுக்குப் போகும் அப்பாக்களும் வீட்டில் இருக்கிறார்கள், பிள்ளைகளும் வீட்டில் இருக்கிறார்கள். அதனாலோ என்னவோ, இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, வீட்டை விட்டுக் கிளம்பப்போகும் பிள்ளைகளை எப்படித் தயார்ப்படுத்துவது என்பதைப் பற்றியே இருந்தன. அவற்றுள் ஐந்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: என் மகன் பிளஸ் டூ தேர்வு எழுதி முடித்திருக்கிறான். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் சேர்ந்து விடுதியில் தங்கப் போகிறான். சாப்பிட்ட தட்டைக்கூட அவன் கழுவியதில்லை. கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையை எண்ணாமல் வாங்கி வருவான். இருக்கிற இரண்டு மாதத்தில் எதைச் சொல்லிக்கொடுப்பது, எங்கிருந்து தொடங்குவது? – ஒரு தாய், தங்கச்சிமடம்

அம்மா, தொழிலுக்குப் போகிற உங்கள் வீட்டுக்காரரிடமே இந்தக் கேள்விக்குப் பாதிப் பதில் இருக்கிறது. அவர் முதன்முதலில் படகில் ஏறியபோது யாரும் அவரை உட்காரவைத்துக் கடலைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்க மாட்டார்கள். முதலில் தண்ணீர் இறைக்கச் சொல்லியிருப்பார்கள். பிறகு மீனை இனம் பிரித்துப் பெட்டியில் போடவும், ஐஸ் உடைக்கவும், கயிறு இழுக்கவும் விட்டிருப்பார்கள். காற்றும் நீரோட்டமும் பழகியபின், கடல் அமைதியாக இருந்த ஒரு நாளில், அனுபவப்பட்ட ஒருவர் பக்கத்தில் நின்றுகொண்டு சுக்கானை அவர் கையில் கொடுத்திருப்பார். கடலில் இவ்வளவு நிதானமாகப் பழக்குகிற நாம், கரையில் மட்டும் 17 வயதுவரை பிள்ளையின் கையில் எதையும் கொடுக்காமல் வைத்திருந்துவிட்டு, ரயிலேற்றிவிடும் அன்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லித் தீர்க்கப் பார்க்கிறோம். வண்டி ராமநாதபுரம் வந்து சேர்வதற்குள் அவன் பாதியை மறந்திருப்பான்.

ஆகவே, சொல்லிக்கொடுப்பதைக் குறைத்துக்கொண்டு ஒப்படைக்கத் தொடங்குங்கள். தடைக்காலத்தில் வருமானம் நின்றுபோன வீட்டில் செலவை இழுத்துப் பிடிப்பதுதான் பெரிய வேலை. அந்த வேலையையே அவனிடம் கொடுங்கள். ஒரு வாரத்துக்கான வீட்டுச் செலவுப் பணத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் கையில் எண்ணிக் கொடுத்து, பால், காய்கறி, மளிகை, செல்போன் ரீசார்ஜ், தங்கையின் பஸ் காசு உட்பட அனைத்தையும் அவனே பார்த்துக்கொண்டு, ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணத்தில் முதல் 100 யூனிட் இலவசம் என்பதையும், பயன்பாடு கூடக் கூட யூனிட்டின் விலையும் ஏறுகிறது என்பதையும் அவனே கணக்குப் போட்டுப் பார்த்தால், ஆளில்லாத அறையில் ஓடும் மின்விசிறியைப் பற்றி நீங்கள் நாள்தோறும் கத்த வேண்டியிருக்காது.

பணம் நான்காம் நாளே தீர்ந்துபோகலாம். எங்கள் தெருவில் ஒரு பையன் அப்படித்தான், புதன்கிழமை எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக்கொடுத்துவிட்டு, வியாழக்கிழமை காலையில் அம்மாவின் முன்னால் வந்து நின்றான். அவர் மேற்கொண்டு ஒரு ரூபாய் தரவில்லை. சனிக்கிழமைவரை அந்த வீட்டில் கஞ்சியும் சுட்ட கருவாடும்தான். மகன் பட்டினி கிடந்துவிடுவானோ என்று அந்த மூன்று நாளும் தாய் பட்ட பாடு, பையன் பட்டதைவிட அதிகம் என்று பிறகு என்னிடம் சொல்லிச் சிரித்தார். நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியதும் அதுவே: அவன் தடுமாறும்போது பதறி ஓடிச்சென்று கையிலிருப்பதைப் பிடுங்கிவிடாதீர்கள். வீட்டில் ஒரு வாரத்தோடு முடிகிற தவறு, விடுதியில் முதல் மாதமே கடன் வாங்க வைக்கும்.

சமையலில் சோறு, ரசம், முட்டை, ஒரு மீன்குழம்பு, இவ்வளவு தெரிந்தால் போதும். ஆனால் கேஸ் அடுப்பை மட்டும் முழுமையாகக் கற்பியுங்கள். கேஸ் வாடை வந்தால் எந்த மின்சுவிட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது, ரெகுலேட்டரை மூடிவிட்டுக் கதவு சன்னல்களைத் திறக்க வேண்டும், கேஸ் கசிவுக்கான அவசர உதவி எண்ணான 1906-ஐ அழைக்க வேண்டும் என்பதை அவனே செய்து காட்டட்டும். தைரியமாகத் தீக்குச்சி உரசிப் பார்க்கிற ஆட்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள்.

அடுத்தபடியாக, பாட்டிக்கு சுகர் மாத்திரை வாங்க அரசு மருத்துவமனைக்குப் போகும் நாளில் அவனைத் துணைக்கு அனுப்பாமல், அவனையே பொறுப்பாக அனுப்புங்கள். வரிசையில் நின்று ஓ.பி. சீட்டு வாங்குவது, மருத்துவரிடம் நோயைத் தெளிவாகச் சொல்வது, மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று கேட்டு எழுதிக்கொள்வது ஆகியவற்றை ஒருமுறை செய்தவன், தெரியாத ஊரில் தனக்குக் காய்ச்சல் வரும்போது போர்வையை இழுத்து மூடிக்கொண்டு மூன்று நாள் படுத்திருக்க மாட்டான்.

சான்றிதழ் விஷயத்திலும் அப்படியே. சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும், உங்கள் குடும்பத்தில் அவனே முதலில் பட்டப்படிப்புக்குப் போகிறவன் என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும், இ-சேவை மையத்துக்கு அவனே போகட்டும். மதிப்பெண் பட்டியலில் ஒற்றை எழுத்தாக இருக்கும் முன்னெழுத்து ஆதாரில் அப்பாவின் முழுப்பெயராக விரிந்திருக்கும். வங்கிக் கணக்கில் இன்னொரு விதமாக இருக்கும். இந்தக் குளறுபடியைக் கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ள இந்த விடுமுறைதான் நேரம். நான் முதன்முதலில் மதுரைக்குப் படிக்கப் போனபோது, வகுப்பில் முதல் மாணவனாக இருந்தும், தபால் நிலையத்தில் மணியார்டர் படிவத்தை எந்தப் பக்கம் நிரப்புவது என்று தெரியாமல், வரிசையில் பின்னால் நின்றவரிடம் நீட்டினேன். அந்த வெட்கம் இன்னும் நினைவிருக்கிறது.

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் படித்துவிட்டு இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் வருகிறது. ஏ.டி.எம். அட்டை என்னிடம் இருக்கிறது. அதைத் தன்னிடம் கொடுக்கச் சொல்லி அடம்பிடிக்கிறாள். பெண் பிள்ளை கையில் கொடுக்கலாமா? – ஒரு தந்தை, மண்டபம்

கொடுத்துவிடுங்கள், சகோதரரே. அது அவள் பணம். 2022 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டம், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்த மாணவியின் உயர்கல்விக்காக, அவளுடைய வங்கிக் கணக்கிலேயே பணத்தைச் செலுத்துகிறது. தந்தையின் கணக்கில் அல்ல. 2024 ஆகஸ்டில் ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. உங்களுக்கு ஒரு மகன் இருந்து, அவன் கணக்கிலும் அந்த 1,000 ரூபாய் வந்திருந்தால் அட்டையை உங்களிடம் வைத்திருப்பீர்களா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

நம் ஊர்களில் ஆண் பிள்ளைக்கு அடுப்பங்கரை தெரியாது, பெண் பிள்ளைக்கு வங்கி தெரியாது. கழுத்தளவு நீரில் பாசி எடுத்து, கரைக்கு வந்து வியாபாரியிடம் எடைக்கு எடை பேசிக் காசு வாங்கும் பெண்கள் இருக்கிற கரை இது. அவர்கள் வீட்டு மகள்கள் பணம் எடுக்கும் படிவத்தைத் தம்பியிடம் கொடுத்து நிரப்பச் சொல்வதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் மனைவி மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்தால், மகளைக் கூட்டத்துக்கு அழைத்துப்போய்க் குழுவின் வரவு செலவுப் பேரேட்டை எழுதச் சொல்லுங்கள். வட்டி என்பது என்ன என்று கல்லூரிப் பாடத்தைவிட அங்கே விரைவாகப் புரியும்.

அட்டையைக் கொடுக்கும்போது சிலவற்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ரகசிய எண்ணை அட்டையின் உறையிலோ செல்போனிலோ எழுதிவைக்கக் கூடாது. ஜிபே, போன்பே போன்ற செயலிகளில் ரகசிய எண் கேட்பது பணம் அனுப்புவதற்குத்தான்; பணம் பெறுவதற்கு அது தேவையே இல்லை, ஆகவே “உங்களுக்குப் பரிசு வந்திருக்கிறது, எண்ணைப் போடுங்கள்” என்று சொல்கிறவன் திருடன். போலீஸ் உடையில் வீடியோவில் தோன்றி “டிஜிட்டல் கைது” செய்திருப்பதாக மிரட்டுகிறவனும் திருடன்தான். நம் சட்டத்தில் அப்படி ஒரு கைது கிடையாது.

இவற்றைவிடக் கவலை தருகிற ஒன்று உண்டு. “உன் கணக்கைக் கொஞ்ச நாள் எங்களுக்குக் கொடு, மாதம் இவ்வளவு தருகிறோம்” என்று கல்லூரி மாணவர்களைத் தேடி வருகிறார்கள். ஏமாற்றிச் சுருட்டிய பணம் அந்தக் கணக்கு வழியாகப் போகும்; விசாரணை வரும்போது கணக்கில் யார் பெயர் இருக்கிறதோ அவரைத்தான் தேடி வருவார்கள். நெருங்கிய தோழியே கேட்டாலும் கணக்கையோ சிம் கார்டையோ கொடுக்கக் கூடாது என்று சொல்லிவையுங்கள். பணம் பறிபோனால் சற்றும் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும்; பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் நிறுத்திவைக்க அப்போதுதான் வாய்ப்புண்டு. அவள் ஏமாந்துவிட்டால் உங்களிடம் வந்து சொல்லப் பயப்படாத அளவுக்கு நீங்கள் இருந்தால்தான் அந்த அழைப்பு நேரத்தில் போகும்.

கேள்வி: எனக்கு 16 வயது. அப்பாவின் வள்ளத்தைத் தென்கடலில் நானே ஓட்டுவேன். ஆனால் பைக்கை மட்டும் தர மறுக்கிறார். இது நியாயமா? – ஒரு மாணவன், பாம்பன்

நியாயம்தான், தம்பி. கடலில் எதிரே ராமேஸ்வரம் பஸ் வராது. கியர் வண்டிக்கு உரிமம் 18 வயதில்தான். 16 வயதில் 50 சி.சி.க்கு மேற்படாத கியர் இல்லாத வண்டிக்கு மட்டுமே கிடைக்கும், அப்படிப்பட்ட வண்டியை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, நீ ஓட்டிப் பிடிபட்டால் உன் அப்பாவுக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டுவரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். உனக்கு 25 வயதுவரை உரிமம் கிடைக்காது. அதுவரை, வள்ளத்தில் போகும்போது உயிர்காப்பு மிதவை அங்கி அணிகிறாயா என்பதை அடுத்த கடிதத்தில் எழுது.

கேள்வி: எங்கள் பள்ளியில் வாழ்க்கைத் திறன் வகுப்பு என்று வாரம் ஒரு பாடவேளை ஒதுக்கி என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். அறிவுரை சொன்னால் மாணவர்கள் தூங்குகிறார்கள். என்ன செய்யலாம்? – ஓர் ஆசிரியை, தேவிபட்டினம்

அறிவுரை சொன்னால் நானும் தூங்குவேன், டீச்சர். உலக சுகாதார நிறுவனம் 1990-களில் வகுத்த பத்து வாழ்க்கைத் திறன்களின் பட்டியல் உங்களிடம் இருக்கும்: முடிவெடுத்தல், சிக்கலைத் தீர்த்தல், ஆராய்ந்து சிந்தித்தல், பிறர் நிலையை உணர்தல், மன அழுத்தத்தைக் கையாளுதல் என்று அது போகும். பட்டியல் சரியானதே. அதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு விளக்குவதில்தான் வகுப்பு தூங்கிப்போகிறது.

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றிலிருந்து பதினொன்று வரை எண்கள் உண்டு; ஒன்றாம் எண் தொலைவில் கடலில் உருவாகியிருக்கும் காற்றழுத்தத் தாழ்வைக் குறிக்கிறது, பதினொன்றாம் எண் வானிலை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டதைக் குறிக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த “நாளை கரையைக் கடக்கும்” செய்தி ஒன்றையும், அதே நாள் வானிலை மையம் வெளியிட்ட அறிக்கையையும் மாணவர்களிடம் கொடுத்து, படகைக் கரையேற்றலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கச் சொல்லுங்கள். தனுஷ்கோடி 1964 டிசம்பரில் அழிந்ததைப் பாட்டன்மார் சொல்லக் கேட்ட பிள்ளைகள் தூங்க மாட்டார்கள். ஆராய்ந்து சிந்தித்தலும் முடிவெடுத்தலும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

மற்றொரு வாரம் வாக்காளர் பட்டியலில் சேர்வதற்கான படிவம் 6-ஐ நிரப்பச் செய்யலாம். 17 வயது முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்க இப்போது வழியுண்டு. ‘முடியாது’ என்று சொல்லிப் பழகவும் ஒரு வகுப்பு வையுங்கள். கள்ளுக்கோ கஞ்சாவுக்கோ கூப்பிடுகிற நண்பனாக ஒருவன் நடிக்கட்டும், மற்றவன் நட்பை முறிக்காமல் மறுத்துக் காட்டட்டும். முதல் தடவை எல்லாரும் சிரிப்பார்கள், மூன்றாம் தடவை சிரிக்க மாட்டார்கள். வீட்டில் நடக்கும் கொடுமையை வகுப்பில் சொல்ல முடியாத பிள்ளைக்காக, குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐச் சுவரில் பெரிதாக எழுதிவைத்துவிடுங்கள். அதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம்.

கேள்வி: எனக்கு 19 வயது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டேன். துபாயில் வேலை வாங்கித் தருவதாக ஒருவர் 80,000 ரூபாய் கேட்கிறார். முதலில் விசிட் விசாவில் போகலாம், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். வாப்பா சரி என்கிறார், உம்மா அழுகிறார். நான் என்ன செய்ய? – ஓர் இளைஞர், கீழக்கரை

தம்பி, வளைகுடாவுக்குப் போய் உழைத்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள் உங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். போகாதே என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் விசிட் விசாவில் வேலை செய்வது அந்த நாட்டில் சட்டவிரோதம். சம்பளம் தராவிட்டால் அங்கே புகார் கொடுக்கக்கூட உனக்கு நிலை இருக்காது.

அவர் கேட்கும் தொகையைப் பார். வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுக்கும் முகவர் 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். சேவைக் கட்டணமாக அவர் வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான், அதற்கும் ரசீது தர வேண்டும். பதிவு எண்ணை வாங்கி, மத்திய அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் நீயே சரிபார்த்துக்கொள். பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றிருக்கிறாயா, பாதியில் நின்றாயா என்பதை நீ எழுதவில்லை. தேர்ச்சி பெறாதவரின் கடவுச்சீட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும், அவர் அமீரகம் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதற்கு அந்த அனுமதியைப் பெற்றாக வேண்டும். விசிட் விசா என்று முகவர்கள் சொல்வதற்கு, இந்த அனுமதியைச் சுற்றிக்கொண்டு போவதும் ஒரு காரணம். தமிழக அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றைச் சென்னையில் நடத்துகிறது. அதன் அறிவிப்புகளையும் பார்த்துவை.

இன்று மாலை வாப்பாவையும் உம்மாவையும் உட்காரவைத்து, அந்த மனிதரிடம் கேட்க வேண்டியவற்றை நீயே ஒரு தாளில் எழுது: அவருடைய பதிவு எண், வேலை தரும் நிறுவனத்தின் பெயர், சம்பளம், தங்குமிடம், ஒப்பந்தத்தின் நகல். பக்கத்துத் தெருவில் விடுமுறைக்கு வந்திருக்கும் யாராவது ஒருவரிடம் அந்த ஒப்பந்தத்தைக் காட்டிப் படிக்கச் சொல். பதிவு எண்ணைக் கேட்டதும் அவர் கோபப்பட்டால், பணத்தையும் கடவுச்சீட்டையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடு.