காப்பீட்டு அட்டைக்குப் போகும் பணம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு அரசு இவ்வளவு செலவு செய்யலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். அரசு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சேலம் வாசகர்: ஆயிரம் கோடிக்கு மேல் இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கொடுப்பதற்குப் பதில் ஆஸ்பத்திரி கட்டலாமே ஐயா?

நியாயமான கேள்வி. 2022 ஜனவரியில் தொடங்கிய ஒப்பந்தத்தில் குடும்பத்துக்கு ஆண்டு பிரீமியம் 849 ரூபாய். சுமார் 1.37 கோடிக் குடும்பங்கள். பெருக்கினால் 1,160 கோடி சொச்சம். அந்த ஒப்பந்தத்தைப் பெற்ற யுனைட்டெட் இந்தியா இன்சூரன்ஸ் பொதுத்துறை நிறுவனம்தான். பலர் கவனிக்காத ஒன்று, அதே அட்டையில் அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் நடந்தால் சிகிச்சைக்காகக் காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும் கிளெய்ம் தொகை அந்த மருத்துவமனைக்கே வரும். ஒரு பகுதி ஊழியர்களுக்கு ஊக்கத்தொகை, மீதியில் கருவியும் மருந்தும் வாங்கலாம். அப்படி வாங்கிய கருவி அட்டை இல்லாதவருக்கும் உதவும். அதனால் திட்டத்தை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது. கிளெய்மில் அரசு மருத்துவமனைகளின் பங்கு கூடவேண்டும், அதற்கு அங்கே மயக்க மருந்து டாக்டரும் செவிலியரும் போதுமான அளவு இருக்கவேண்டும் என்றுதான் சண்டை போடுவேன்.

கோவை வாசகர்: மத்திய அரசும் பங்கு தருகிறதுதானே?

தருகிறது. 2018 செப்டம்பரில் பிரதமரின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைத்தார்கள். காப்பீடும் 5 லட்சமானது. ஆனால் அவர்களுடைய 60 சதவீதப் பங்கு, 2011 சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பின்படி தகுதி பெற்ற குடும்பங்களுக்கு மட்டும்தான். மற்றவர்களுக்கு மாநிலமே கட்டவேண்டும்.

திருப்பூர் சகோதரி: மாதம் 14,000 சம்பளம். அட்டை கிடைக்காது என்கிறார்களே?

72,000 ரூபாயாக இருந்த ஆண்டு வருமான வரம்பை 1,20,000 ஆக்கினார்கள். அதுவே மாதம் 10,000 தான். வாடகை கொடுத்து, பிள்ளைகளையும் படிக்கவைக்கும் உங்களை வசதியானவர் என்று எப்படிச் சொல்வது? வரம்பை இன்னும் உயர்த்தவேண்டும்.

தென்காசி தம்பி: அட்டை இருந்தும் அப்பாவின் ஆபரேஷனுக்குத் தனியாகப் பணம் கேட்டார்கள்.

காப்பீட்டு நிறுவனத்தின் முன்அனுமதி கிடைத்துவிட்டால், அந்தச் சிகிச்சைக்கென்று நிர்ணயித்த மொத்தத் தொகையில், அதாவது பேக்கேஜில், அடங்கியதற்குத் தனியாகக் கேட்பது தவறு. கட்டியதற்கு ரசீது வாங்கி, கலெக்டர் அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.

தருமபுரி அக்கா: அம்மாவின் சர்க்கரை மாத்திரைக்கு அட்டை செல்லுமா?

செல்லாது அக்கா, இதுதான் என் பெரிய ஆதங்கம். சிறுநீரகம் கெட்டபின் டயாலிசிஸுக்கு அட்டை உண்டு. கெடாமல் காக்கும் மாத்திரைக்குக் கிடையாது. காப்பீட்டுச் செலவைப் பற்றி வாதாடுகிறவர்கள் இந்த இடத்தைத்தான் முதலில் பார்க்கவேண்டும். 2021 ஆகஸ்டில் உங்கள் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் இந்த ஓட்டையைத்தான் அடைக்கப் பார்க்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரைப் பதிந்துவிடுங்கள். வீட்டுக்கே வந்து பரிசோதித்து மாத்திரை தருவார்கள், காசு கிடையாது.