மே எட்டா, ஆகஸ்ட் இருபத்தேழா?

(போன இதழில் ‘கிரேட்ஃபுல் டெட்’ என்ற அமெரிக்க ராக் குழுவைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதிவைத்தேன். இந்த மாதத் தபாலில் பாதி அதுதான். மற்றவர்கள் பொறுத்தருள்க, உங்கள் கேள்விகள் அடுத்த இதழில்.)

திருநெல்வேலி வாசகர்: ஒரே குழு, அதே பாட்டுகள். ஆனால் ‘அந்தத் தேதிதான் உசத்தி, இந்தத் தேதிதான் உசத்தி’ என்று ரசிகர்கள் மல்லுக்கு நிற்கிறார்களாமே, ஏன்?

அதே பாட்டு என்று யார் சொன்னது? 1965-இல் தொடங்கி, 1995 ஆகஸ்டில் குழுவின் முதன்மை கிடார்காரர் ஜெர்ரி கார்சியா இறக்கும்வரை 2,300-க்கு மேல் மேடை ஏறியவர்கள். ‘டார்க் ஸ்டார்’ என்று ஒரு பாட்டு. 1968-இல் சிங்கிளாக வந்தபோது மூன்று நிமிஷம்கூடக் கிடையாது. மறு வருஷம் ‘லைவ்/டெட்’ ஆல்பத்தில் 23 நிமிஷம். 1972-இல் ஒரிகன் மாநிலத்தில் வாசித்தது அரைமணிக்கும் மேல். பாட்டுப் பேரைச் சொன்னால் போதாது, தேதியும் சொன்னால்தான் எதைப் பேசுகிறோம் என்றே புரியும். தோடி கேட்டேன் என்றால் யார் பாடியது, எந்த சபா, எந்த வருஷம் என்று நாம் கேட்பதில்லையா, அப்படி.

1987-இல் பென்சில்வேனியாவுக்குப் படிக்கப் போனேன். என் அறைத்தோழன் முதல் வாரமே ‘5-8-77 கேட்டிருக்கிறாயா?’ என்றான். நான் ஆகஸ்ட் ஐந்து என்று நினைத்துக்கொண்டு இரண்டு நாள் தலையாட்டினேன். அவர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள். அசடு வழிந்ததுதான் மிச்சம்.

கோவை வாசகி: அந்த மே 8, கார்னெல் கச்சேரிதான் தலைசிறந்தது என்கிறார்களே, தேடிப் பிடித்துக் கேட்டேன். நன்றாக இருக்கிறது, ஆனால் அவ்வளவு கொண்டாடும்படி இல்லை. என் காதில் கோளாறா?

காது பத்திரமாக இருக்கிறது, அம்மா. ஊரே சொன்னதைக் கேட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தால் எந்தக் கச்சேரியும் ஒரு பிடி குறைவாகத்தான் தெரியும்.

1977 மே 8, நியூயார்க் மாநிலத்தில் இத்தாக்கா, கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹால். மே மாதத்தில் வெளியே பனி. இரண்டாம் பாதி தொடங்கும் முன், முன்வரிசையில் நசுங்குகிறவர்களுக்காக குழுவின் இன்னொரு கிடார்காரர் பாப் வியர் கூட்டத்தை ஒரு அடி பின்னால் போகச் சொல்கிறார்; அதுவும் டேப்பில் இருக்கிறது. அப்புறம் ‘ஸ்கார்லெட் பிகோனியாஸ்’, அப்படியே ‘ஃபயர் ஆன் த மவுன்டன்’. இரண்டும் சேர்ந்து 25 நிமிஷம். எந்த இடத்தில் ஒன்று முடிந்து மற்றது பிறந்தது என்று இன்றுவரை என்னால் விரல் வைத்துச் சொல்ல முடியவில்லை. கடைசிப் பக்கம் ‘மார்னிங் ட்யூ’வில் கார்சியா ஒவ்வொரு சுரமாக மீட்டுவதை விட்டுவிட்டுத் தந்திகளை மொத்தமாக விசிறத் தொடங்குவார். பாடல் வரி புரியாதவர்க்கும் அங்கே உடம்பு சிலிர்க்கும்.

எல்லாம் சரி. ஆனால் மறுநாளே பஃபலோவில் வாசித்தது மட்டமா? மே 9-ஐத் தலையில் வைத்துக் கொண்டாடுகிற கட்சி ஒன்று உண்டு, நானும் அதில்தான் இருக்கிறேன்.

கார்னெலுக்கு இத்தனை புகழ் வந்ததற்குப் பாதிக் காரணம் பதிவு செய்த கை. பெட்டி கான்டர்-ஜாக்சன் என்ற பெண்மணி குழுவோடு போய்ப் பதிவு செய்தவர். வாடகைக் கிடங்கில் வைத்திருந்த அவருடைய டேப்கள், வாடகை பாக்கிக்காக 1986-இல் ஏலத்துக்குப் போயின. பெட்டியின் டேப் பெட்டி பெட்டியாக! (தமிழனுக்கு மட்டும் கிடைக்கிற சிலேடை, விட மனசு வரவில்லை.) ஏலம் எடுத்தவர்களிடமிருந்து நகலாகிப் பரவியபோது ரசிகர்கள் அசந்துபோனார்கள். அதுவரை கூட்டத்துக்கு நடுவே மைக் நீட்டிப் பிடித்த கரகர டேப்பில், பக்கத்து சீட்டுக்காரன் விசிலோடு கேட்டவர்களுக்கு குழுவின் பில் லெஷ் வாசித்த பாஸ் கிடார் தனியாக, துல்லியமாகக் காதில் விழுந்தது. நல்ல டேப், நல்ல கச்சேரி என்ற பெயரை வாங்கிக் கொடுத்துவிட்டது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் கார்னெலைச் சேர்த்த பிறகு வாதாடுவதே கஷ்டமாகிவிட்டது. குழுவின் சார்பில் வெளியிட்டதோ 2017-இல்தான்.

மதுரை வாசகர்: அதற்கு முன் கையிலிருந்ததெல்லாம் கள்ள கேசட்டா?

இல்லவே இல்லை. பதிவு செய்வதைக் குழு தடுக்கவில்லை. விற்கக் கூடாது, அவ்வளவுதான். மைக் கம்பங்கள் காடாக வளர்ந்து ஒலிக்கலவை மேசைக்காரரின் கண்ணை மறைத்ததால், 1984 அக்டோபரில் மேசைக்குப் பின்னால் டேப் எடுப்பவர்களுக்குத் தனி இடமே ஒதுக்கினார்கள்.

அன்றைக்கு நமக்கு டேப் வேண்டுமானால்? இரண்டு காலி கேசட், திருப்பி அனுப்ப ஸ்டாம்ப், ஒரு கடிதம். முகம் தெரியாத யாரோ ராத்திரி உட்கார்ந்து நகல் எடுத்து அனுப்புவார். மேக்ஸெல் 90 நிமிஷ கேசட்தான் பெரும்பாலும். முதல் கேள்வி ‘எத்தனையாவது தலைமுறை?’ என்பது. நகலுக்கு நகல் இரைச்சல் ஏறும். என் கார்னெல் ஐந்தாம் தலைமுறை. பின்னணியில் எந்நேரமும் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு ‘ஸ்ஸ்’.

சென்னை வாசகர்: இவர்களுக்கும் நம் ஊருக்கும் ஏதாவது ஒட்டு உறவு?

உண்டு, கடம் வழியாக. டிரம்ஸ் வாசித்த மிக்கி ஹார்ட், ஜாகிர் உசேனோடு சேர்ந்து 1991-இல் கொண்டுவந்த ‘பிளானட் டிரம்’ ஆல்பத்தில் விக்கு விநாயக்ராம் வாசித்திருக்கிறார். கிராமி கிடைத்தது.

தஞ்சாவூர் வாசகி: நான் ஒரே ஒரு கச்சேரி கேட்பதானால்?

1972 ஆகஸ்ட் 27, ஒரிகனில் வெனிட்டா. கடனில் தத்தளித்த ஒரு பால்பொருள் நிறுவனத்துக்காக நடந்த கச்சேரி. பாரன்ஹீட்டில் நூறைத் தாண்டிய வெயில், கிடாரில் சுருதி நிற்கவில்லை. சுத்தம் பார்ப்பவர்கள் கார்னெலுக்கே போகலாம். எனக்கு அந்த 31 நிமிஷ ‘டார்க் ஸ்டார்’ போதும்.

என் கேசட்டில் அது பாதியில் ‘டக்’கென்று நின்று, பி பக்கத்தில் தொடரும். சென்னை ஈரத்தில் பூஞ்சை பிடித்து அந்த கேசட் எப்போதோ போய்ச் சேர்ந்தது. 2013-இல் முறையான வெளியீடு வந்து முழுசாகக் கேட்டேன். அந்த இடம் வந்ததும், கேசட்டைத் திருப்பிப் போட எழுந்துவிட்டேன்.