ஜான்சன்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை. மகன் டெக்சஸில் இருப்பதால் அமெரிக்கச் செய்திகளை விடாமல் பார்க்கிறேன். ஒரு சந்தேகம். அங்கே சபாநாயகர் மைக் ஜான்சன். விஸ்கான்சின் செனட்டர் ரான் ஜான்சன். முன்பே இரண்டு ஜனாதிபதிகள் ஜான்சன். இவர்கள் ஒரே குடும்பமா? நம்மூரில் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருப்பது ஒன்றானால் ஒரே சாதி என்று தெரிந்துகொள்வோம். அங்கும் அப்படித்தானா?

உறவினர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பார்த்து வியந்துபோனேன். ஒரு ஜான்சன் 1808இல் பிறந்தவர், இன்னொருவர் 1908இல். இருவரும் தென்மாநிலத்துக்காரர்கள். இருவருமே துணை ஜனாதிபதிகளாக இருந்து, ஜனாதிபதி சுட்டுக் கொல்லப்பட்டதால் அந்த நாற்காலிக்கு வந்தவர்கள். இதற்கு ஏதேனும் பொருள் உண்டா? வாரிசு அரசியல் நமக்கு மட்டுமே என்பவர்கள் கென்னடிகளையும் புஷ்களையும் ஏன் மறக்கிறார்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இல்லை, சொந்தக்காரர்கள் இல்லை.

வாரிசு அரசியலைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அதைப் பேசிப் பேசி வாய் புளித்துவிட்டது. ஒன்று மட்டும். எலினார் ரூஸ்வெல்ட் 1905இல் கல்யாணம் செய்துகொண்டபோது குடும்பப் பெயரை மாற்ற வேண்டியிருக்கவில்லை. அப்போது ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்டின் தம்பி மகள் அவர். மாப்பிள்ளை பிராங்க்ளினும் தூரத்து ரூஸ்வெல்ட். நம்மூர் ஆச்சிகள் கேட்டால் "அதுக்கென்ன, முறைதானே" என்பார்கள்.

வாட்ஸ்அப்புக்கு வருகிறேன். வரலாறு கற்பித்த நீங்கள் இதற்கு வியக்கலாமா? 1808, 1908 என்ற இரண்டு எண்களைப் பார்த்துக் கண்கள் விரிகின்றனவே, 1866, 1964 என்ற இரண்டு எண்கள் ஏன் கண்ணில் படவில்லை? எத்தனை பிள்ளைகளுக்கு மதிப்பெண் போட்டிருப்பீர்கள்! ஒற்றுமைகளைத் தேடுவது சோதிடரின் வேலை. உங்களுக்கு அது வேண்டாம்.

1808இல் பிறந்த ஆண்ட்ரூ ஜான்சன் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். பத்து வயது வாக்கில் ராலே நகரில் ஒரு தையற்காரரிடம் ஒப்பந்தத்தில் விடப்பட்டார். 1824இல், பதினைந்து வயதில், அண்ணனோடு ஓடிப்போனார். பிடித்துத் தருபவருக்குப் பத்து டாலர் என்று முதலாளி பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். ஓடிப்போன அடிமைகளுக்கும் அதே பாணியில்தான் விளம்பரம் வரும். கைப்பட எழுதக்கூட அவருக்குப் பிற்பாடு மனைவி எலைசாதான் கற்றுக்கொடுத்தாள். தலைக்கு விலை வைக்கப்பட்ட இந்தப் பையன் பெரியவனாகி என்ன செய்தான்? அடிமைகளை விலைக்கு வாங்கினான். ஜனாதிபதியானதும், அந்த மண்ணில் பிறந்த கறுப்பர்களும் குடிமக்களே என்ற 1866 சட்டத்துக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று திருப்பி அனுப்பினான். காங்கிரஸ், அதாவது அந்நாட்டு நாடாளுமன்றம், அவனை மீறி அதை நிறைவேற்ற வேண்டியிருந்தது. ('ன்' விகுதிக்கு மன்னியுங்கள். இவரைப் பற்றி எழுதும்போது மரியாதை பாதி வழியில் நின்றுவிடுகிறது.) இரண்டு வருடம் கழித்துப் பதவிநீக்கத் தீர்மானம் வந்தது. செனட்டில் ஒரே ஒரு வாக்கில் தப்பினார்.

துன்பப்பட்டவனுக்கு அடுத்தவன் துன்பம் தெரியும் என்று நம் பள்ளிகளில் சொல்லித்தருகிறோமே, நீங்களும் சொல்லித்தந்திருப்பீர்கள், அது உண்மையில்லை. சிலருக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். தனக்குக் கீழே இன்னொருவன் இருக்கிறான் என்ற ஒற்றை ஆறுதலில் வாழ்க்கையை ஓட்டியவர்கள் அதை விட்டுத்தர மாட்டார்கள். இதைப் புரிந்துகொள்ள நீங்கள் அவர் வாழ்ந்த டென்னசி வரை போக வேண்டாம்.

1908இல் பிறந்த லிண்டன் ஜான்சன் மட்டும் என்ன புனிதரா? 1948இல் கட்சியின் செனட் வேட்பாளர் தேர்தலில் 87 வாக்கில் ஜெயித்தார். அந்த வாக்குகள் எப்படி வந்தன என்று டெக்சஸில் இன்றும் சிரிப்பார்கள். வியட்நாம் இருக்கிறது. பஞ்ச காலத்தில் நமக்குக் கோதுமைக் கப்பலை மாதா மாதம் எண்ணி எண்ணி அனுப்பியவரும் அவர்தான். ஆனால் இருபது வயதில் கொட்டுல்லா என்ற சிற்றூரில் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்கு வாத்தியாராக இருந்தார். பசியோடு வகுப்புக்கு வந்த அந்தப் பிள்ளைகளை 1965 மார்ச்சில், காங்கிரசின் இரு அவைகளுக்கும் முன்னால், கறுப்பர்களின் வாக்குரிமைக்காகப் பேசும்போது நினைவுகூர்ந்தார். அதற்கு முந்தைய வருடமே சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். ஒரு ஜான்சன் மூடப் பார்த்த கதவை இன்னொரு ஜான்சன் 98 வருடம் கழித்துத் திறந்தார். பெயரைத் தவிர இருவருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

பெயர் என்றாலும் அது என்ன பெயர்? ஜானின் மகன். ஒரு காலத்தில் யாரோ ஒருவனுடைய அப்பா பெயர், பிறகு அசையாமல் உறைந்துபோனது. ஸ்வீடனிலிருந்து வந்த யோஹான்சன்கள் மின்னசோட்டாவில் இறங்கி ஜான்சன்கள் ஆனார்கள். 1905இல் அங்கே ஆளுநரான ஜான் ஆல்பர்ட் ஜான்சன் ஸ்வீடனிலிருந்து குடியேறியவர்களின் மகன். 2010 கணக்கெடுப்பில் ஜான்சன்கள் 19 லட்சத்துக்கும் மேல். ஸ்மித்துக்கு அடுத்த இடம். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கறுப்பர். இங்கேதான் உங்கள் சாதிக் கணக்கு உதைக்கிறது. விடுதலையான அடிமைகளில் சிலர் எஜமானின் பெயரை எடுத்துக்கொண்டார்கள், சிலர் பிடித்த பெயரை. ஒபாமா ஆட்சியில் உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் ஜே ஜான்சன். 'ஜே' என்பது ஒரு லைபீரியத் தலைவரின் பெயர். தாத்தா சார்லஸ் ஜான்சன் என்ற சமூகவியலாளர் 1930இல் லைபீரியா போனபோது சந்தித்த தலைவர் அவர். முன்பாதி ஆப்பிரிக்கா, பின்பாதி கப்பலில் வந்து இறங்கிய பிறகு ஒட்டிக்கொண்டது. அடிமையாகப் பிறந்து கல்வியாளரான புக்கர் வாஷிங்டன் சிறுவனாக இருந்தபோது வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் இரண்டு பெயர் சொல்வதைப் பார்த்து, தன் முறை வந்ததும் "புக்கர் வாஷிங்டன்" என்று சொல்லிவிட்டதாகத் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அவருடைய மாற்றாந்தந்தையின் முதற்பெயர் வாஷிங்டன். அப்பா பெயரைப் பின்னால் போட்டுக்கொண்ட நம்மூர்ப் பையன்தானே அவன்!

உங்கள் கடிதம் வந்த அன்று நான் நினைத்துக்கொண்டிருந்தது என் அம்மாவை. அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். 1965 அக்டோபரில் அதே லிண்டன் ஜான்சன், சுதந்திர தேவி சிலையடியில் உட்கார்ந்து, நாட்டுக்கு இத்தனை பேர் என்ற பழைய ஒதுக்கீட்டை ஒழிக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதுவரை இந்தியாவுக்கு வருடத்துக்கு நூறு பேர். அந்தக் கையெழுத்து இல்லாமல் என் தம்பி நியூ ஜெர்சி போயிருக்க மாட்டான். அம்மாவும் 2003இல் அந்தக் குடிவரவு மேசை முன்னால் நின்றிருக்க மாட்டாள்.

அதிகாரி ஒரு கறுப்பினப் பெண்மணி. மார்பில் பெயர்ப்பட்டை இருந்தது. அதில் ஜான்சன் என்று இருந்ததாக எழுதினால் இந்தக் கட்டுரை அழகாகிவிடும். நான் அதைக் கவனிக்கவில்லை. "கடைசிப் பெயர்?" என்று கேட்டார். பாஸ்போர்ட்டுக்கு எழுதிக்கொடுத்த புண்ணியவான் அந்த இடத்தில் அப்பா பெயரைப் போட்டுவைத்திருந்தார். அம்மா என்னைப் பார்த்தாள். "நீயே சொல்லு."

அவரே சொல்ல வேண்டும் என்றார் அதிகாரி. நாற்பத்தெட்டு வருடம் "அவுக", "உங்கப்பா" என்று மட்டுமே சொன்ன வாய். அப்பா போய்ச் சேர்ந்து அப்போது ஆறு வருடம். அம்மா பாஸ்போர்ட்டைப் பிரித்து, அந்த எழுத்துகளுக்கு அடியில் விரலை வைத்து, தலையைக் குனிந்துகொண்டாள். அதிகாரி எழுத்துக் கூட்டி "ரேட்னசேமி?" என்றார். அம்மா தலையாட்டினாள். வெளியே வந்ததும், "உங்கப்பா பேரை என்னமா கடிச்சுத் துப்புது அந்தப் பிள்ள" என்று சிரித்தாள்.

பத்து நாள் கழித்து அவளுடைய ரத்த அழுத்த மாத்திரைக்காக ஒரு மருந்துக்கடையில் காத்திருந்தோம். கவுண்டரில் இருந்த பையன் "ரத்னசாமி!" என்று உரக்கக் கூப்பிட்டான். நான் எழுந்தேன். தம்பியும் எழுந்தான். அம்மா மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"அவுகளைல்லா கூப்பிடுதான்," என்றாள். "நீங்க ரெண்டு பேரும் எதுக்கு எந்திரிக்கீக?"