"இனி ஓட்டுப் போட மாட்டேன்" என்கிறான் என் பேரன்

கேள்வி: என் மகள் திருமணமாகி அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் வாழ்கிறாள். அவளுடைய மகன் அங்கேயே பிறந்து வளர்ந்தவன். சென்ற மாதம் அவனுக்கு 26 வயது நிறைந்தது. 2018 மே மாதம் தன் முதல் ஓட்டைப் போட்ட அன்று என்னை அழைத்து, "ஆயா, இனி எங்கள் மாநிலத்தில் கட்சிக்காரர்கள் தங்கள் வசதிக்குத் தொகுதி எல்லைகளை வரைய முடியாது" என்று அவ்வளவு மகிழ்ச்சியோடு சொன்னான். நான்கு ஆண்டுகளில் அந்த நம்பிக்கை போய்விட்டது. 2024இல் அதே நோக்கத்தோடு இன்னோர் அரசியலமைப்புத் திருத்தத்துக்குக் கையெழுத்துத் திரட்ட வீடு வீடாக அலைந்தான். அந்த முயற்சியும் தோற்றது. பட்டம் பெற்றவன் இன்று ஒரு சரக்குக் கிடங்கில் இரவுப் பணி செய்கிறான். கல்விக் கடன் தீரவில்லை. நிச்சயித்த திருமணம் நின்றுவிட்டது. வாடகை கட்ட முடியாமல் பெற்றோர் வீட்டுக்கே திரும்பிவிட்டான். அவனும் அவன் தந்தையும் வெவ்வேறு கட்சி. சென்ற நவம்பரில் விருந்து மேசையில் மூண்ட சண்டைக்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்வதில்லை. நம் முன்னோர் ஓட்டுரிமை இல்லாமல் பட்ட பாட்டை எடுத்துச் சொன்னேன். "அது உங்கள் கதை, ஆயா" என்று தொலைபேசியை வைத்துவிட்டான். நான் அவனிடம் என்ன சொல்வது?

— ஒரு வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: அம்மா, அரசியலைப் பேசுவதற்கு முன்பு அவசரமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டின் சட்டப்படி, பிள்ளைகள் 26 வயதை எட்டும் வரை பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டில் இருக்கலாம். அதன் பிறகு அந்தக் காப்பீடு நீங்கிவிடும். நீங்கிய நாளிலிருந்து 60 நாட்களுக்குள் அரசின் காப்பீட்டுச் சந்தை வழியாகப் புதிய காப்பீட்டில் சேர அவர்களுக்குச் சிறப்பு அவகாசம் உண்டு. மனம் சோர்ந்து, தந்தையோடு பேச்சும் அற்றுக் கிடக்கும் பிள்ளை இந்தக் கெடுவைத் தவறவிடக் கூடும். கிடங்கு வேலையில் காப்பீடு தருகிறார்களா என்று உங்கள் மகளை இன்றே விசாரிக்கச் சொல்லுங்கள்.

இனி அவன் கோபத்துக்கு வருகிறேன். அவன் காரணம் இல்லாமல் கசந்து போகவில்லை என்பதை முதலில் நீங்கள் ஏற்க வேண்டும். 2018 மே மாதம் ஒஹையோவில் வாக்களித்தவர்களில் ஏறக்குறைய நால்வரில் மூவர், நாடாளுமன்றத் தொகுதிகளை ஒரு கட்சிக்குச் சாதகமாக வரைவதைத் தடுக்கும் அரசியலமைப்புத் திருத்தத்தை ஆதரித்தார்கள். ஆனால் 2022 தேர்தலுக்காகப் புதிய எல்லைகள் வரையப்பட்டபோது, அவை அந்தத் திருத்தத்துக்கு முரணானவை என்று மாநில உச்ச நீதிமன்றம் இருமுறை தீர்ப்பளித்தும், செல்லாது என்று அறிவிக்கப்பட்ட அதே எல்லைகளில்தான் அவ்வாண்டு நவம்பர் தேர்தல் நடந்து முடிந்தது. மக்கள் வாக்களித்து, நீதிமன்றமும் உறுதி செய்த ஒன்று தன் கண்ணெதிரே நடக்காமல் போனதைப் பார்த்த இளைஞனிடம், ஓட்டின் அருமையைப் பற்றிப் பொதுப்படையாகப் பேசினால் அவனுக்கு எரிச்சல்தான் வரும். கடன் விஷயமும் அப்படியே. 2020 மார்ச்சில் நிறுத்தி வைக்கப்பட்ட கல்விக் கடன் தவணைகள் 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கின. இடையில், தகுதியுள்ளோருக்கு 10,000 டாலர் முதல் 20,000 டாலர் வரை தள்ளுபடி என்று அரசு அறிவித்திருந்ததை 2023 ஜூன் 30 அன்று நாட்டின் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தத் தள்ளுபடி சரியா தவறா என்பதில் அமெரிக்கர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் கிடைக்கும் என்று எண்ணி வாழ்க்கைக் கணக்கைப் போட்டவனுக்கு அது விழுந்த அடி என்பதில் ஐயமில்லை.

"அது உங்கள் கதை" என்று அவன் சொன்னது உங்களுக்கு வலித்திருக்கும். இருந்தாலும், நம் கதையில் நீங்கள் அவனுக்குச் சொல்லாத ஒரு பகுதி இருக்கிறது. ஓட்டு வேண்டுமென்று போராடிய நம்மவர்கள், கையில் தந்த ஓட்டை வேண்டாம் என்று தள்ளியதும் உண்டு.

தென்னாப்பிரிக்காவின் 1983ஆம் ஆண்டு அரசியலமைப்பு நாடாளுமன்றத்தை மூன்று அவைகளாகப் பிரித்து, வெள்ளையர் அவைக்கு 178 இடங்களும், கலப்பினத்தவர் அவைக்கு 85 இடங்களும், இந்தியர் அவைக்கு 45 இடங்களும் ஒதுக்கி, நாட்டின் பெரும்பான்மையான கறுப்பின மக்களுக்கு ஓர் இடம்கூடத் தராமல் விட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எனக்கு அப்போது 22 வயது. அந்த ஓட்டைப் போடாதீர்கள் என்று சொல்வதற்காக, உங்கள் சாட்ஸ்வர்த் தெருக்களில்தான் மாலை நேரங்களில் கதவு கதவாகத் தட்டினோம். இனவெறி ஆட்சியை எதிர்த்த ஐக்கிய ஜனநாயக முன்னணி 1984இல் நடத்திய பத்து லட்சம் கையெழுத்து இயக்கத்தின் தாள்களும் எங்கள் கையில் இருந்தன. சில வீடுகளில் முகத்திலேயே கதவைச் சாத்தினார்கள். சில வீடுகளில் உட்கார வைத்து, டீயும் ரொட்டியும் கொடுத்து, இரவு பத்து மணி வரை வாதாடினார்கள். 1984 ஆகஸ்ட் 28 அன்று நடந்த தேர்தலில், பதிவு செய்த இந்திய வாக்காளர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கே வாக்களித்தார்கள். கையெழுத்து இயக்கமோ தன் இலக்கை எட்டவில்லை. தோற்றுவிட்டோமோ என்று நாங்களும் கலங்கினோம். எல்லோருக்குமான தேர்தல் 1994 ஏப்ரல் 27 அன்று வருவதற்கு இன்னும் பத்து ஆண்டுகள் இருந்தன.

இதை உங்கள் பேரனிடம் சொல்லுங்கள் என்று நான் கேட்பதற்குக் காரணம் உண்டு. நாங்கள் ஓட்டுப் போடாமல் இருந்ததும் ஒரு வேலைதான்; அதைப் பலர் சேர்ந்து செய்தோம், ஏன் செய்கிறோம் என்று ஒவ்வொரு வாசலிலும் பதில் சொன்னோம். உங்கள் பேரன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக எடுத்திருக்கும் முடிவு அப்படிப்பட்டதன்று. வேலை, திருமணம், வீடு, தந்தை என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கைநழுவிய ஒரு காலத்தில், தேர்தலும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. இப்போது அவனுக்குக் குறைவது நாலு பேரின் துணை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆகவே, "ஓட்டுப் போடு" என்று ஒருமுறைகூடச் சொல்லாதீர்கள். 2024இல் அவனோடு கையெழுத்துத் திரட்டியவர்கள் யார், அவர்களில் யாரோடாவது இன்னும் பேசுகிறானா என்று கேளுங்கள்.

அவன் கையெழுத்துக்கு ஓடிய வழி இன்றும் திறந்திருக்கிறது என்பதையும் அவனே நினைவுகூர வாய்ப்புண்டு. குடிமக்கள் கொண்டுவரும் திருத்தங்களுக்கு அங்கே பாதிக்கு மேல் வாக்குகள் போதும். அதை 60 சதவீதமாக உயர்த்த 2023 ஆகஸ்டில் முயன்றபோது, வாக்களித்தவர்களில் ஏறக்குறைய 57 சதவீதத்தினர் அதை மறுத்துவிட்டார்கள். கோடை விடுமுறையில் நடந்த வாக்கெடுப்பில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து வாக்களித்தார்கள். அன்று அவன் வரிசையில் நின்றானா என்று கேட்டுப் பாருங்கள். நின்றிருந்தால் அதைப் பற்றிப் பேச அவனுக்கே ஆசை வரும்.

தந்தை மகன் சண்டையில் நீங்கள் எந்தப் பக்கமும் சேர வேண்டாம், தூதும் போக வேண்டாம். உங்கள் மருமகன் எந்தக் கட்சிக்கு வாக்களித்தார் என்பதை உங்களிடம் பேரன் குறையாகச் சொன்னால், கேட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவே. நின்றுபோன திருமணத்தைப் பற்றி நீங்களாகக் கிளறாதீர்கள். அவன் சொல்ல வரும் நாளில் இடைமறிக்காமல் கேளுங்கள்.

இரவுப் பணி முடித்து அவன் வீடு திரும்பும் காலை ஏழு மணி, இப்போது நமக்குப் பிற்பகல் ஒரு மணி. நவம்பரில் அங்கே கடிகாரத்தை மாற்றிய பிறகு இரண்டு மணி. அந்த நேரத்தில் அழையுங்கள். 1984இல் நீங்கள் வாக்களித்தீர்களா இல்லையா, அன்று உங்கள் வீட்டுக் கதவைத் தட்டியவர்களிடம் என்ன சொன்னீர்கள் என்பதை எனக்கு எழுதவில்லை; அதை அவனிடம் சொல்லுங்கள்.