ஆடி மாதத்திலும் தவணை வருமே!

கேள்வி: ஐயா, எனக்கு வயது 22. காங்கேயம் பக்கத்தில் ஒரு கிராமம். ஐடிஐயில் ஓராண்டு ஃபேஷன் டிசைன் படித்து முடித்திருக்கிறேன். அம்மாவுக்கு 44 வயது. வீட்டிலேயே மிதி மெஷினில் தைக்கிறார், மாதம் சராசரியாக 35 பிளவுஸ் வரும். எங்கள் பக்கம் லைனிங் பிளவுஸுக்குக் கூலி 450 ரூபாய். பேருந்து நிலையம் அருகே ஒரு கடை 7,000 ரூபாய் வாடகைக்கு வந்திருக்கிறது. பொட்டீக் வைக்க ஆசை. அட்வான்ஸ் 50,000, உள் அலங்காரம் 1,20,000, பவர் மெஷினும் ஓவர்லாக்கும் 90,000, ரெடிமேட் குர்தி சரக்கு 1,00,000, போர்டு, விளம்பரம் 40,000 என மொத்தம் 4 லட்சம் ஆகிறது. கையில் 40,000 உண்டு. அம்மாவின் எட்டுப் பவுனை அடகு வைக்கலாம் என்கிறார் மாமா. முத்ரா கடன் வாங்கலாம் என்கிறாள் தோழி. இதற்கிடையில் திருப்பூர் ஏற்றுமதி நிறுவனம் ஒன்று மாதம் 14,000 சம்பளத்தில் வேலைக்குக் கூப்பிடுகிறது. கடையின் உரிமையாளர் ஒரு வாரத்தில் பதில் கேட்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: கணக்கை இவ்வளவு விவரமாக எழுதி அனுப்புகிறவர்கள் குறைவு. அதனால் உங்கள் எண்களை வைத்தே பேசலாம்.

4 லட்சத்தை 12% வட்டியில் ஐந்து ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 8,900. வாடகை 7,000, மின்சாரம் 1,500 சேர்த்தால் 17,400. ஒரு பிளவுஸில் லைனிங் துணி, நூல், கொக்கி எல்லாம் போக 330 ரூபாய் நிற்கும் என்று வைப்போம். அப்படியானால் மாதம் 53 பிளவுஸ் தைத்தால்தான் கடை கதவைத் திறந்து வைக்கும் செலவே தேறும். உங்களுக்கும் அம்மாவுக்கும் கூலி 54-ஆவது பிளவுஸில்தான் தொடங்குகிறது. இப்போது வருவது 35.

சராசரி 35 என்றீர்கள், சரி. ஆடியில் எத்தனை? என் அத்தை ஒருவர் தையல்காரர். ஆடி வந்தால் எங்கள் வீட்டுக்கு வந்து பத்து நாள் தங்குவார். ஆடி விருந்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வேலை இல்லாத மாதம் என்பது வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. வைகாசி, ஆவணி, தை முகூர்த்தங்களிலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் தூங்க நேரம் இருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் மெஷினில் தூசி தட்டலாம். தையல் வருமானம் பஞ்சாங்கப்படி வருகிறது, வங்கித் தவணை மாதம் தவறாமல் ஒரே தேதியில் வருகிறது. உங்கள் திட்டத்தில் எனக்குப் பிடிக்காதது இது ஒன்றுதான். கடன் வாங்குவதே தப்பு என்று சொல்லவில்லை. வேலை குறைந்த மாதத்திலும் தாங்கும் அளவுக்கு மட்டும் வாங்குங்கள் என்கிறேன்.

அந்த 4 லட்சத்தில் பணம் சம்பாதித்துத் தரப் போவது 90,000 ரூபாய் மெஷின்கள் மட்டுமே. உள் அலங்காரம் ஒரு பைசா தராது. குர்தி சரக்கு எனக்குப் பயமாகவே இருக்கிறது. எல்லா அளவிலும் வாங்கி வைப்பீர்கள், ஓடும் அளவு தீர்ந்துபோகும், ஓடாத அளவு அலமாரியில் நிற்கும். ஈரோட்டு வாரச் சந்தை பக்கத்தில்தானே இருக்கிறது. பத்துப் பதினைந்து பீஸ் எடுத்து வந்து, விற்ற பிறகு அடுத்த வாரம் போனால் போதும். அதற்கு எதற்கு ஒரு லட்சம்?

வேலைக்குப் போங்கள் என்பது என் பதில். ஆனால் எந்த வேலை என்று கேட்டு, கடிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். தையல் லைனில் உட்கார்ந்தால் காலர் என்றால் நாள் முழுக்கக் காலர்தான். சாம்பிளிங் பிரிவு வேறு. பையர், அதாவது வெளிநாட்டு வாங்குபவர், அனுப்பும் டெக் பேக்கை (உடையின் அளவும் விவரமும் அடங்கிய குறிப்பு) படித்து, துணி வெட்டுவதற்கான பேட்டர்ன் போட்டு, ஒரு முழு உடையைத் தைத்து, ஃபிட் சரியில்லை என்று திரும்பி வந்தால் திருத்தி அனுப்புவார்கள். ஒரு உடைக்குத் துணி எவ்வளவு பிடிக்கும், அடக்க விலை எப்படிப் போடுவது என்பதெல்லாம் அங்கே காதில் விழும். ஐடிஐயில் ஓராண்டில் இது கைக்கு வராது. பேட்டர்ன் மாஸ்டரின் பக்கத்தில் நின்று கணினியில் பேட்டர்ன் வரையும் கேட் (CAD) மென்பொருள் பழகிக்கொண்டால் சம்பளம் வேறு மாதிரி ஏறும். ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதவும் எக்செல் போடவும் தயங்காதவர் என்றால் பையரோடு பேசி ஆர்டரைக் கவனித்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர் பக்கமும் போகலாம்.

14,000-இல் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் போக 12,200 போலக் கைக்கு வரும். பிடித்தத்தைப் பார்த்து வருத்தப்படாதீர்கள். பி.எஃப்.பில் நிறுவனமும் தன் பங்கைப் போடுகிறது. இ.எஸ்.ஐ.யில் உங்களை நம்பி இருக்கும், வருமானம் குறைந்த பெற்றோருக்கும் சிகிச்சை உண்டு. மாதம் 6,000 எடுத்து வைத்தால் 18 மாதத்தில் 1,08,000. அதுவரை கையிலுள்ள 40,000-ஐ அவசரத்துக்கென்று தொடாமல் வையுங்கள். ஏற்றுமதி வேலையை முழுசாக நம்ப முடியாது என்பதும் உண்மை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50% வரி போட்டபோது திருப்பூர் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். வீட்டில் தையல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அதனால்தான்.

மெஷின்களுக்கு 18 மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. அதற்கு வழி உங்கள் அம்மாவிடம் இருக்கிறது. தமிழக அரசு 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் உள்ள 25 தொழில்களில் தையலும் ஒன்று. குறைந்தபட்ச வயது 35 என்பதால் உங்களுக்குக் கிடைக்காது, அம்மாவுக்குக் கிடைக்கும். கடன் 3 லட்சம் வரை. மானியம் 25%, அதிகபட்சம் 50,000. வட்டியிலும் 5% வரை அரசு ஏற்கிறது. அம்மா பெயரில் 80,000 கேட்டால் 20,000 மானியமாகவே கழியும். மீதி 60,000-க்கான தவணை ஆடியிலும் கட்டக்கூடியது. விண்ணப்பிப்பது மாவட்ட தொழில் மையத்தில். அம்மா இதை வாங்கினால் பின்னால் உங்கள் பெயரில் வேறு மானியம் கேட்கத் தடை வருமா என்பதையும் அங்கேயே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

ஏனென்றால் பின்னால் நீங்கள் போக வேண்டியது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்துக்கு, அதாவது பிஎம்இஜிபிக்கு. கிராமப்புறப் பெண்களுக்கு அதில் மானியம் 35%, சொந்தப் பணம் 5% போதும். அதை இப்போதே வாங்கக் கூடாதா என்பீர்கள். அந்த மானியம் கையில் வராது, மூன்று ஆண்டு வங்கியில் வைப்பாகப் பூட்டி வைப்பார்கள். அதற்குள் கடையை மூடினால் மானியம் போய்விடும். மூன்று ஆண்டு தாக்குப்பிடிக்கும் என்று தெரிந்த பிறகு வாங்க வேண்டிய கடன் அது. முத்ராவும் பின்னால் வாங்க வேண்டியதுதான். 50,000-க்கு மேல் 5 லட்சம் வரை கிஷோர் பிரிவு, அடமானம் கேட்கக் கூடாது. ஆனால் வங்கி உங்கள் வரவு செலவைப் பார்க்கும். அதனால் இன்றிலிருந்தே தையல் பணம் முழுவதும் தனியாக ஒரு கணக்கில், அதற்கென்று ஒரு கியூஆர் அட்டையில் வரட்டும். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவையும் செய்து வையுங்கள். அது இலவசம், புரோக்கருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

எட்டுப் பவுன் பீரோவிலேயே இருக்கட்டும். மாமா நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் நகைக்கடன்கள் பெரும்பாலும் ஓராண்டில் அசலும் வட்டியுமாகத் திரும்பக் கேட்பவை. கடை ஓராண்டில் அவ்வளவு தராது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரி வேலை கற்றுக்கொள்ள முடிந்தால் கற்றுக்கொள்ளுங்கள். கல்யாண பிளவுஸுக்கு விலை சொல்லும்போது பக்கத்துக் கடையில் என்ன வாங்குகிறார்கள் என்று பார்த்துச் சொல்லாமல், எத்தனை நாள் உட்கார்ந்தீர்கள் என்று எண்ணிச் சொல்லுங்கள். மூன்று நாள் வேலை என்றால் மூன்று நாள் சம்பளம் அதில் இருக்க வேண்டும். பாதிப் பணம் முன்னாலேயே வாங்கிவிடுங்கள், சொந்தக்காரர் என்றாலும்.

ஒரு வார கெடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். கடையின் உரிமையாளரிடம் பேசுவதற்கு முன்னால் பக்கத்து டீக்கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு, இந்தக் கடையில் மூன்று வருஷத்தில் எத்தனை பேர் மாறியிருக்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.